உறையோடு நின்றுவிட்ட சட்டம்

சிவகாசியை அடுத்த திருத்தங்கல் பக்கத்து வெடி ஆபீஸ் எதற்குள்ளும் பீடியோடு போய்விட முடியாது. பீடி, சிகரெட், தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வாசலோடு சரி. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. விதியே இல்லாவிட்டாலும், அலுமினியத் தூளும் கந்தகமும் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரு பீடிக் கங்கு என்ன செய்யும் என்று இந்த வட்டாரத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். (பட்டாசு ஆலையை வெடி ஆபீஸ் என்றும் தீப்பெட்டி ஆலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றும் சொல்வது இங்கத்திய வழக்கு. முதல் முறை கேட்கும் வெளியூர்க்காரர் மேசை நாற்காலி, ஃபைல் கட்டுகளை நினைத்துக்கொள்வார்.)

அந்த வாசலுக்குள் தயாராகும் பொருளுக்கு அரசு வைத்திருக்கும் அளவுகள் கொஞ்சநஞ்சமல்ல. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் ஓசை 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999இல் விதி வந்தது. பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம், ஈயம் ஆகியவற்றின் சேர்மங்களை 2017இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2018இல் பேரியம் உப்புகளும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. பிறகு நாக்பூரின் நீரி ஆய்வகம் பசுமைப் பட்டாசுக்கான கலவைகளை வகுத்துக் கொடுத்தது. வாணத்தில் பச்சை நிறம் காட்டியது பேரியம்தான் என்பதால், பசுமைப் பட்டாசு வந்தபோது போன முதல் நிறம் பச்சை! தீப்பெட்டிக்கு இந்தியத் தர அமைவனத்தின் வரையறை இருக்கிறது. எரிவாயு லைட்டருக்கும் 2023 ஜூலையில் மத்திய அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது.

வாசலில் விட்டுவிட்டுப் போன பீடிக்கு இப்படி ஏதாவது உண்டா? அதை மூடியிருக்கும் உறையைப் பற்றி ஏராளமாக உண்டு. உறையின் இரண்டு முகத்திலும் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வேண்டும்; இது 2016 ஏப்ரல் முதல் நடைமுறை. பீடிக் கட்டு கூம்பாக இருக்கிறதே, அதற்கு எது முகம் என்ற கேள்விக்குக்கூட விதியில் பதில் இருக்கிறது: கூம்பிலும் உருளையிலும் படங்கள் ஒன்றுக்கொன்று நேரெதிராக வர வேண்டும். உள்ளே இருக்கும் தூளில் நிக்கோடின் எவ்வளவு இருக்கலாம், புகையில் தார் எத்தனை மில்லிகிராம் வரலாம், காட்மியம் எவ்வளவு இருந்தால் விற்கக் கூடாது என்று தேடினால் வரம்பு எதுவும் கிடைக்காது.

சட்டம் இதை நினைக்காமலில்லை. சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003இன் 7ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு, பொட்டலம் ஒவ்வொன்றிலும் நிக்கோடின் அளவும் தார் அளவும், கூடவே அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பும் அச்சிடப்பட வேண்டும் என்கிறது. அளப்பதற்கு ஆய்வகங்களை அங்கீகரிக்க 11ஆம் பிரிவு. நொய்டா, மும்பை, கவுகாத்தி ஆகிய மூன்று இடங்களில் தேசியப் புகையிலைப் பரிசோதனைக் கூடங்களும் அமைந்துவிட்டன. 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் வராதது அந்த உச்ச வரம்பு மட்டும்தான். வரம்பு அறிவிக்கப்படாததால், அதை அச்சிட வேண்டும் என்ற கட்டளையும் தாளோடு நிற்கிறது. வரிக்காக மட்டும் அரசு சிகரெட்டின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கிறது: 65 மில்லிமீட்டர் வரை ஒரு விகிதம், அதைத் தாண்டினால் வேறு.

இது அதிகாரிகளின் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சோம்பலுக்குப் பின்னால் ஓர் உண்மையான அறிவியல் சிக்கல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பீடியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அதைப் பற்றவைக்கும் தீக்குச்சியை எடுத்துக்கொள்வது நல்லது.

19ஆம் நூற்றாண்டின் மலிவான தீக்குச்சிகளின் தலையில் வெண் பாஸ்பரஸ் இருந்தது. சுவரில் உரசினாலும் செருப்பில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். அந்த ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குப் பல் வலியில் தொடங்கித் தாடை எலும்பே அழுகியது. 1888இல் லண்டனில் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள் செய்த புகழ்பெற்ற வேலைநிறுத்தத்தின் பின்னணியிலும் இந்தத் தாடை அழுகல் உண்டு. 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்ய உடன்பட்டன. இந்தியாவில் அதற்கான தடைச் சட்டம் 1913இல் வந்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் பழகக் கல்கத்தாவுக்கு ரயிலேறியது 1922இல். திரும்பி வந்து தொழிலைத் தொடங்கியது 1923இல். ஆக, சிவகாசித் தொழில் பிறப்பதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே அந்த விஷம் சட்டத்தால் விலக்கப்பட்டுவிட்டது. இந்த மண்ணின் தீப்பெட்டித் தொழிலுக்கு வேறு துயரங்கள் நிறைய உண்டு, குழந்தைகளின் கைகளில் நடந்த வேலை அவற்றில் பெரியது. தாடை அழுகல் மட்டும் இல்லை.

அந்தத் தடை ஏன் பலித்தது? வெண் பாஸ்பரஸுக்கு மாற்று இருந்தது. இன்றைய தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கண்ணாடித் தூளும் பசையும் இருக்கின்றன. பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில், தீங்கு குறைந்த செம்பாஸ்பரஸாக இருக்கிறது. உரசும் கணத்தில் அதில் இம்மியளவு வெப்பத்தால் மாறிக் குளோரேட்டோடு சேர்ந்து பற்றிக்கொள்கிறது. விஷத்தை எடுத்த பிறகும் தீக்குச்சி தீக்குச்சியாகவே இருந்தது. பட்டாசில் பேரியத்தை எடுத்தால் ஒரு நிறம் குறையும், அவ்வளவுதான். மிளகாய்த் தூளில் செங்கல் பொடியை நீக்கினால் நல்ல மிளகாய்த் தூள் கிடைப்பது போல, பொருள் வேறு, கேடு வேறு என்று பிரிக்க முடிந்த இடங்களில் தரக் கட்டுப்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது.

பீடியில் அப்படிப் பிரிக்க முடியாது. கலப்படமே இல்லாத, பூச்சிமருந்தே படாத, சுத்தமான புகையிலையை எடுத்து எரித்தாலும் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் வருகின்றன. அவற்றில் ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்குபவை. இவற்றில் பெரும்பங்கு இலையில் இருந்தவை அல்ல, எரியும்போது பிறந்தவை. இழுக்கும் நேரத்தில் சிகரெட் நுனியின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்தச் சூட்டில், போதிய ஆக்சிஜன் இல்லாமல் கருகும் எந்த இலையிலிருந்தும் கார்பன் மோனாக்சைடும் பென்சோபைரீனும் வரும். துளசி இலையைச் சுருட்டிப் புகைத்தாலும் வரும். கலவைச் சீட்டைத் திருத்திப் பயனில்லை, எரிப்பதுதான் அந்தப் பொருளின் பயன்பாடு.

அப்படியானால் வெளிவரும் புகையை அளந்து வரம்பு வைக்கலாமே? பட்டாசுக்கு நான்கு மீட்டரில் கருவி வைப்பது போலத்தான். உலகம் அதைச் செய்து பார்த்தது. ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஏமாந்தது.

புகைக்கும் இயந்திரம் என்று ஒன்று இருக்கிறது. சிகரெட்டைச் செருகிவிட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை, 2 விநாடி நேரம், 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும். நடுவில் இருக்கும் கண்ணாடி இழை வடிகட்டியில் படியும் துகளிலிருந்து நீரையும் நிக்கோடினையும் கழித்தால் மிஞ்சுவதற்குத் தார் என்று பெயர். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1967 முதல் இந்த மாதிரி ஓர் அளவீட்டைச் செய்து எண்களை வெளியிட்டது. குறைந்த எண் வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்க, நிறுவனங்கள் அதற்கான வழியைக் கண்டுபிடித்தன. இலையை அவை மாற்றவில்லை. வடிகட்டியைச் சுற்றியுள்ள தாளில், கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகளை வரிசையாகப் போட்டன. இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியே வெளிக்காற்று புகுந்து புகையை நீர்க்கச் செய்யும். எண் சரசரவென்று இறங்கும். மனிதன் பிடிக்கும்போது அதே துளைகள் விரலுக்கடியிலோ உதட்டுக்கடியிலோ மூடிக்கொள்ளும்.

மூடாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. புகைப்பவரின் மூளை நிக்கோடினைத்தான் எண்ணுகிறது, சிகரெட்டை எண்ணுவதில்லை. நீர்த்த புகை வந்தால் ஆழமாக இழுப்பார், அடிக்கடி இழுப்பார், நுனிவரை இழுப்பார். அப்படி ஆழமாக இழுத்த புகை நுரையீரலின் ஓரங்கள் வரை போனது. லைட், மைல்ட் என்று பெயரிட்டு விற்ற காலத்தில்தான் நுரையீரலின் வெளிவட்டங்களில் வரும் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோயின் பங்கு கூடியது; வடிகட்டித் துளைகளோடு அதைத் தொடர்புபடுத்தும் சான்றுகளை 2014இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை எடுத்துக்காட்டியது. வணிக ஆணையம் தன் அளவீட்டு வழிகாட்டுதலை 2008இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் தார் 10, நிக்கோடின் 1, கார்பன் மோனாக்சைடு 10 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் லைட் என்ற சொல்லை உறையில் போடுவதைத் தடைசெய்துவிட்டது. கனடா, துளைகளை அடைத்து, 30 விநாடிக்கு ஒரு முறை 55 மில்லிலிட்டர் இழுக்கும் கடுமையான முறையைக் கொண்டுவந்தது. அதுவும் இயந்திரம்தான், மனிதரல்ல.

இதையெல்லாம் படித்த பிறகு, நம் சட்டத்தின் அந்த 5ஆம் உட்பிரிவு தூங்குவதில் எனக்குப் பாதி வருத்தம்தான் வருகிறது. தார் இத்தனை மில்லிகிராம், அரசு வரம்புக்குள், என்று ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சாகியிருந்தால் அது வாங்குபவரின் கண்ணுக்கு எச்சரிக்கையாகவா தெரிந்திருக்கும்? சான்றிதழாகத் தெரிந்திருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துப் பொருள் வாங்கப் பழகிய மக்கள் நாம்.

சரி, சிகரெட் இயந்திரத்தில் பீடியை வைத்தால் என்ன ஆகும்? அணைந்துவிடும். உண்மையாகவே அணைந்துவிடும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்ற கணக்கில் பீடி தாக்குப்பிடிப்பதில்லை. அதனால் பீடியைச் சோதித்தவர்கள் இழுப்புகளின் இடைவெளியை வெகுவாகக் குறைக்க வேண்டியிருந்தது. பீடி இலை காற்றை உள்ளே விடாத, கெட்டியான காட்டு இலை. சிகரெட் தாள் நுண்துளைகள் கொண்டது. தொடர்ந்து கனன்றுகொண்டிருக்க அதில் சிட்ரேட் உப்புகளும் சேர்ப்பார்கள். சிகரெட்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினால் அது தன் பாட்டுக்கு எரிந்து தீரும். பீடியைக் கீழே வைத்தால் இரண்டு பேச்சுக்குள் மறுபடி தீப்பெட்டியைத் தேட வேண்டியதுதான். (தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் பீடிக்கு நன்றி சொல்ல நியாயம் இருக்கிறது.)

இந்த வட்டாரத்துக்கு இது சுவையான செய்தி. மேலைநாடுகளில், படுக்கையில் சிகரெட்டோடு தூங்கிப்போய் வீடு எரிந்து செத்தவர்கள் ஏராளம். அதைத் தடுக்கப் புகையிலைத் தயாரிப்பில் ஒரு தரக் கட்டுப்பாடு வந்தது. 2004இல் நியூயார்க் மாநிலம் தொடங்கியது, 2005இல் கனடா, 2010இல் ஆஸ்திரேலியா, 2011இல் ஐரோப்பிய ஒன்றியம். சிகரெட் தாளில் இரண்டு மூன்று இடங்களில் காற்றுப் புகாத பட்டைகளை வைக்க வேண்டும்; இழுக்காமல் விட்டால் கங்கு அந்தப் பட்டைக்கு வந்ததும் அணைய வேண்டும். சோதனை எளிமையானது: பத்து அடுக்கு வடிதாள் மேல் 40 சிகரெட்டுகளைப் பற்றவைத்துக் கிடத்துவார்கள், முழு நீளமும் எரிந்து தீர்வது கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. நம் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இல்லை. மற்ற நாடுகள் சட்டம் போட்டுச் சிகரெட்டுக்குப் புகட்டிய குணம், பீடிக்கு இலையிலேயே வாய்த்திருக்கிறது.

ஆனால் தீக்கு நல்லது நெஞ்சுக்கு நல்லதாக இல்லை. அணையாமல் வைத்திருக்கப் பீடிக்காரர் அடிக்கடி, இழுத்து இழுத்துப் புகைக்க வேண்டும். பீடியில் இருக்கும் தூள் 0.2 கிராம் அளவுதான், சிகரெட்டில் 0.7 கிராம் போல இருக்கும். இருந்தும் ஒரு பீடியிலிருந்து உடலுக்குப் போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் ஒரு சிகரெட்டுக்குச் சளைத்தவை அல்ல என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. சின்னதாக இருக்கிறது, இலையில் சுற்றியது, இயற்கையானது என்று பீடிக்குச் சலுகை கொடுக்கும் மனப்பான்மைக்கு இதில் ஆதாரம் இல்லை. வயது வந்தோரிடம் 2016-17இல் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். வரம்பு வைப்பதாக இருந்தால் பீடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் நெல்லைப் பக்கம் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகளில், மடியில் முறத்தை வைத்துக் கத்தரியும் நூலுமாகப் பெண்கள் சுற்றும் பொருளில் எந்தப் பீடியை எடுத்து எந்த எண்ணோடு ஒப்பிடுவது?

அந்த வீடுகளிலும் தரம் பார்க்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சுற்றிக் கொடுத்த பீடியில் பருமன் சரியில்லை, இலை கிழிந்திருக்கிறது என்று ஏஜென்ட் ஒரு பங்கைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. எவ்வளவு வரை கழிக்கலாம் என்ற வழக்கு பெரிதாகி, 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அதற்கும் விதி போட வேண்டி வந்தது. வயலிலும் தரம் உண்டு: ஏற்றுமதிப் புகையிலைக்கு 1937லேயே அக்மார்க் தரப்பிரிப்பு விதிகள் வந்துவிட்டன, குண்டூரில் புகையிலை வாரியம், நம் பக்கம் வேடசந்தூரில் 1948 முதல் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம். நிறம், பக்குவம், ஈரம், விளைச்சல் என்று விற்பவனுக்கு வேண்டிய கணக்கு அத்தனையும் அங்கே எடுக்கப்பட்டது. குடிப்பவனுக்கு வேண்டிய கணக்குதான் நெடுங்காலம் யார் பொறுப்பிலும் இல்லை.

இதுவரை சொன்னது எரிக்கும் புகையிலை. மெல்லும் புகையிலைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. என் பார்வையில் தரக் கட்டுப்பாடு என்ற பேச்சுக்கு மெய்யான பொருள் இருப்பது இங்கேதான், ஏனென்றால் இங்கே நெருப்பு இல்லை. கேட்டின் முக்கியக் காரணிகளை அளக்கலாம், தயாரிப்பிலேயே குறைக்கலாம்.

அறுத்த இலையைப் பதப்படுத்தி, ஈரத்தோடு அடைத்து ஊறவைக்கும்போது அதில் வாழும் பாக்டீரியாக்கள் இலையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட் நிக்கோடினோடும் அதன் உறவுப் பொருட்களோடும் சேர்ந்து நைட்ரோசமீன்களாகிறது. இவற்றில் என்.என்.என்., என்.என்.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரண்டையும் மனிதருக்கு ஐயமின்றிப் புற்றுநோய் தருபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாக்டீரியாவின் வேலை என்பதால் இதற்கு வைத்தியம் இருக்கிறது: இலையைச் சூடேற்றிக் கிருமிகளைக் கொன்றால், நைட்ரேட் குறைந்த இலையைத் தேர்ந்தால், குளிர்ச்சியாக வைத்து விற்றால் நைட்ரோசமீன் வெகுவாகக் குறையும்.

இதைத் தொழில் அளவில் செய்து காட்டியது சுவீடன். உதட்டுக்கடியில் ஒடுக்கிக்கொள்ளும் ஸ்னஸ் என்ற புகையிலையை அவர்கள் 1971 முதல் உணவுச் சட்டத்தின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். அங்குள்ள பெரிய நிறுவனம் நைட்ரோசமீனுக்கும் கன உலோகங்களுக்கும் தனக்குத்தானே உச்ச வரம்பு போட்டு, அதற்கு கோத்தியாடெக் என்று பெயரும் வைத்தது. அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் சிவகாசிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்: சுவீடிஷ் மேட்ச். ஆம், தீப்பெட்டிக் கம்பெனி. சிவகாசியில் தொழில் தொடங்கிய அதே 1923இல் விம்கோ என்ற பெயரில் இந்தியாவில் இறங்கி, கைவேலைத் தீப்பெட்டியோடு பல பத்தாண்டுகள் போட்டி போட்ட இயந்திரத் தீப்பெட்டிக்காரர்கள் அவர்கள்தான். திருவொற்றியூரில் அவர்கள் ஆலை இருந்த இடத்தின் பெயர் இன்று விம்கோ நகர் மெட்ரோ ரயில் நிலையம். பின்னாளில் சுவீடிஷ் மேட்ச் புகையிலையை முதல் தொழிலாக்கிக்கொண்டது. 2005இல் விம்கோ ஐ.டி.சி. குழுமத்தின் கைக்கு வந்தது. தீப்பெட்டிக்காரர் புகையிலைக்குப் போனார், சிகரெட்காரர் தீப்பெட்டிக்கு வந்தார்.

நிறுவனம் தானே போட்டுக்கொண்ட வரம்பை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. ஸ்னஸ் அடிமையாக்காத பொருளும் அல்ல. ஆனால் நைட்ரோசமீனைக் குறைக்க முடியும் என்ற தொழில்நுட்ப உண்மையை அது நிறுவியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2009இல், மெல்லும் புகையிலையின் உலர் எடையில் கிராமுக்கு என்.என்.என்., என்.என்.கே. இரண்டும் சேர்ந்து 2 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. இந்தியச் சந்தையின் மெல்லும் வகைகளைச் சோதித்த ஆய்வுகளில் பொருளுக்குப் பொருள் பல மடங்கு வேறுபாடு தெரிந்தது. ஒரே கடையில், ஒரே சரத்தில் தொங்கும் இரண்டு பொட்டலங்களுக்கு நடுவில் அவ்வளவு தூரம்!

நம் வீடுகளில் இதோடு சுண்ணாம்பும் சேரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு புகையிலை என்ற சேர்க்கையில் சுண்ணாம்பின் வேலை நிறம் கொடுப்பது மட்டுமல்ல. நிக்கோடின் ஒரு காரப் பொருள். அமிலச் சூழலில் அது மின்னூட்டம் பெற்றுக் கிடக்கும், வாயின் சவ்வைக் கடக்காது. காரச் சூழலில் மின்னூட்டம் இழந்து எளிதாக ரத்தத்தில் கலக்கும். பி.எச். 6இல் நூற்றில் ஒரு பங்குதான் அப்படி விடுபட்டிருக்கும், 8இல் பாதி, 9இல் பத்தில் ஒன்பது பங்கு. பொட்டலத்தில் இருக்கும் நிக்கோடினின் மொத்த அளவை மட்டும் அச்சிட்டால் போதாது, பி.எச். எண்ணும் தெரிந்தால்தான் அது எவ்வளவு வேகமாக ஆளைப் பிடிக்கும் என்று சொல்ல முடியும். பாட்டிகளுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் சுண்ணாம்பு குறைந்தால் புகையிலை ஏறாது என்று தெரியும்.

தமிழ்நாடு இந்தத் துறையில் எடுத்த வழி வரம்பு அல்ல, தடை. உணவில் புகையிலையோ நிக்கோடினோ சேர்க்கக் கூடாது என்ற 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையைப் பிடித்துக்கொண்டு, 2013 மே மாதத்தில் குட்கா, பான் மசாலாவை மாநிலம் தடைசெய்தது. தடை ஆண்டுக்காண்டு நீட்டிக்கப்பட்டது. புகையிலை உணவா என்பதே வழக்கின் மையமானது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை அறிவிப்பை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தடை இருக்கும் பொருளுக்குத் தரம் வகுக்க முடியாது என்பது தர்க்கப்படி சரி. ஆனால் சாதாரண மெல்லும் புகையிலை பெட்டிக் கடைச் சரத்தில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எரிக்கும் வகைக்கும் ஒரு வழி பாக்கி இருக்கிறது: புகையை விட்டுவிட்டு இலையிலேயே நிக்கோடினைக் குறைப்பது. பழக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது நிக்கோடின் என்பதால், மனிதன் எப்படி இழுத்தாலும் ஈடுகட்ட முடியாத அளவுக்கு அதை இறக்கிவிட வேண்டும் என்பது யோசனை. நியூசிலாந்து 2022இல் கிராமுக்கு 0.8 மில்லிகிராம் என்று சட்டமே போட்டது. ஆட்சி மாறி 2024இல் அதை நீக்கிவிட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் கிராமுக்கு 0.7 மில்லிகிராம் என்று முன்மொழிந்தது. வழக்கமான சிகரெட் புகையிலையில் இருப்பது இதைப் போல் ஏறக்குறைய இருபது மடங்கு. இந்த வரம்பில் இயந்திரத்தை ஏமாற்ற வழியில்லை, ஏனென்றால் இயந்திரமே வேண்டாம். இலையை அரைத்து அளந்தால் போதும். பீடிக்கும் பொருந்தும், வீட்டில் சுற்றினாலும் பொருந்தும், தூள் கலக்கும் இடத்தில் சோதித்தால் தீர்ந்தது. கள்ளச் சந்தை பெருகும் என்ற எதிர்வாதம் வலுவானதுதான். பீடித் தூள் விஷயத்தில் அதைச் சமாளிப்பது இன்னும் கடினம்.

உறைக்கு வருவோம், அங்கேதான் நம் சட்டம் முழுக்க எழுதப்பட்டிருக்கிறது. சிவகாசி அச்சாபீஸ்களுக்கு 85 சதவீதம் என்றால் 85 சதவீதமாக அச்சிடுவது ஒரு வேலையே அல்ல. லேபிள் அச்சில் வளர்ந்த ஊர் இது. ஆனால் திருத்தங்கல் கடைத்தெருவில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குபவர் எத்தனை பேர்? ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குவதுதான் வழக்கம். படமும் எச்சரிக்கையும், புகையிலையை விட உதவும் தொலைபேசி எண்ணும் அச்சான உறை கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. மகாராஷ்டிரம் 2020 செப்டம்பரில் உதிரி விற்பனையைத் தடைசெய்தது. 2003 சட்டத்தைத் திருத்தி நாடு முழுக்க அதைக் கொண்டுவர ஒரு வரைவை 2021 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் கருத்துக் கேட்புக்கு வெளியிட்டது. பீடித் தொழிலாளர் வாழ்வாதாரம் என்ற எதிர்ப்பு எழுந்தது, வரைவு சட்டமாகவில்லை.

நொய்டா ஆய்வகத்தில் கருவிகள் இருக்கின்றன. பீடியின் தாரை அளந்து ஓர் எண்ணைப் பொட்டலத்தில் ஒட்டுவதை விட அவற்றுக்குத் தகுந்த வேலை, மெல்லும் புகையிலையில் என்.என்.என்., என்.என்.கே., பி.எச்., காட்மியம் ஆகியவற்றை வகைவாரியாக அளந்து பெயரோடு வெளியிடுவது, இரண்டு மைக்ரோகிராமைத் தாண்டியதைச் சந்தையிலிருந்து எடுப்பது. இதை உறையில் அச்சிட வேண்டியதில்லை. வரம்புக்குள் இருப்பதற்குச் சான்றும் தர வேண்டியதில்லை. பட்டாசில் பேரியம் இருக்கிறதா என்று மாதிரி எடுத்துப் பார்ப்பவர்கள், இல்லாத பட்டாசுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பதில்லை.